இழுக்கும் வண்டியும் இழுபடும் வீடும்



தனக்கென எஞ்சின் இல்லாமல், மற்றொரு வண்டியின் பின்னால் பூட்டப்பட்டு இழுபட்டுச் செல்லும் வண்டியை டிரெய்லர் என்கிறோம். சென்னையின் தென்பகுதியில் நான் வாழும் தரமணியில் இவ்வகை வண்டிகளுக்குக் குறைவில்லை. சாலை போடும் இடத்துக்குத் தார் காய்ச்சும் கொதிகலம் லாரியின் பின்னால் வருகிறது. பாறை உடைப்பதற்கான காற்றழுத்த இயந்திரத்தை டிராக்டர் இழுத்து வருகிறது. இடித்த கட்டடத்தின் செங்கலும் மண்ணும் டிராக்டர் டிரெய்லரில் போகின்றன. எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம் இவ்வூரில் அமைந்ததனால், 'கேரவன்' என்னும் சொல்லும் இங்குச் சிறுவர்க்குக்கூடப் பழக்கமானது. ஆனால் படப்பிடிப்புக்கு வரும் கேரவன் பெரும்பாலும் பஸ் அல்லது வேன் சட்டத்தின்மேல் கட்டிய அறை. அது தானே ஓடும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது தானே ஓடாத கேரவன். படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு, விசிறி யாவும் அமைந்த சிறு வீடு ஒன்று, ஒரு காரின் பின்னால் இழுபட்டுச் செல்லும் டிரெய்லர். அதனை வீட்டுவண்டி என்று அழைப்போம்.

உல்லாசப் பயணத்துக்கென வீட்டுவண்டி கட்டும் வழக்கம் குதிரை வண்டிக் காலத்திலேயே தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவரும், சிறுவர் கதைகள் எழுதியவருமான கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 'வாண்டரர்' என்னும் வீட்டுவண்டியை இரு குதிரைகள் இழுக்க, 1885ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறத்தாழ 1,300 மைல் பயணம் செய்தார். பின்னர் மோட்டார் கார் வந்தது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936ஆம் ஆண்டில், விமானத்தின் உடலைப் போல் அலுமினியத் தகடுகளை அறைந்து, காற்றைக் கிழித்துச் செல்லும் உருண்ட வடிவில் 'கிளிப்பர்' என்னும் வண்டியை வெளியிட்டது. 1969ஆம் ஆண்டு ஜூலையில் சந்திரனிலிருந்து திரும்பிய ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரும் கடலிலிருந்து மீட்கப்பட்டதும் நோய்த்தடுப்புக் காவலாக அடைக்கப்பட்டது, அதே நிறுவனத்தின் வீட்டுவண்டியை ஒட்டி அமைத்த ஓர் அறையிலேதான்.

நம் நாட்டிலும் இக்கருத்து முற்றிலும் புதியதன்று. 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியில், நூலக இயலின் தந்தையெனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் ஊக்கத்தால், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப் பெற்றது. ஓர் அறைக்குரிய பொருளைச் சக்கரத்தின்மேல் வைத்து இழுத்துச் செல்லும் கலை நமக்கும் கைவந்ததே. அண்டை மாநிலமாகிய கேரளம் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. நல்ல சாலைகள் பெருகப் பெருக, வீட்டுவண்டிகளும் நம்மிடையே பெருகக்கூடும். அவற்றைப் பேணவும், திருத்தி மேம்படுத்தவும் அறிந்தவர்கள் தேவைப்படுவார்கள். பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுள் சிலர் அத்தொழிலை மேற்கொள்ளவும் கூடும்.

அத்தகையோருக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கண்ணுக்குக் காரும் வீட்டுவண்டியும் இரண்டாகத் தோன்றினாலும், இயற்கை விதிகளின் முன்னால் அவை ஒரே வண்டி. பின்வண்டியில் வைத்த ஒவ்வொரு பொருளுக்கும் முன்வண்டி பதில் சொல்ல வேண்டும். "இந்தக் கார் இதனை இழுக்குமா?" என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. இழுப்பது பெரிதன்று. நேராகச் செல்லுமா, நிறுத்தினால் நிற்குமா என்பவையே முன்னதாகக் கேட்க வேண்டியவை.

நேராகச் செல்வதற்குரிய அறிவியலை நம் வண்டிக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இரட்டை மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிறவரைக் கவனித்துப் பாருங்கள். முழுப் பாரத்தையும் முன்னே தள்ளிவிட்டால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். பாரத்தைப் பின்னே தள்ளிவிட்டால் ஏர்க்கால் மேலே எழும்பும். நுகத்தடி தூக்கிக்கொள்ள, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். அது பின்பாரம். அனுபவமுள்ள வண்டிக்காரர் அச்சுக்கு முன்னும் பின்னும் பாரத்தைப் பங்கிட்டு, சிறிதளவே முன்பாரம் இருக்குமாறு பார்த்துக்கொள்வார். வீட்டுவண்டிக்கும் விதி இதுவே. மாட்டின் கழுத்துக்குப் பதிலாகக் காரின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அதன்மேல் வீட்டுவண்டியின் மூக்கிலுள்ள கிண்ணம் கவிழ்ந்து பூட்டிக்கொள்கிறது. அந்த உருண்டையின்மேல் இறங்கும் எடையே முன்பாரம். வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை அது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கர் கைக்கொள்ளும் அளவு. ஐரோப்பாவில் வண்டிகள் இலேசானவை. வேக வரம்பும் குறைவு. ஆதலின் அங்கே இதனினும் குறைந்த அளவு போதும் என்பர். எவ்வாறாயினும், பின்பாரம் என்பது எங்குமே ஆகாது.

ஏன் ஆகாது? மாட்டுவண்டி மணிக்கு நான்கு கிலோமீட்டர் செல்வது. அங்குப் பின்பாரத்தால் மாடு துன்புறும், வண்டி கவிழாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வீட்டுவண்டியிலோ, பின்பாரம் மிகுந்தால் வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பெரிய லாரியொன்று கடந்து செல்லும்போது எழும் காற்று போதும், அந்த ஆட்டத்தைத் தொடக்கி வைக்க. ஒவ்வோர் ஆட்டமும் அடுத்த ஆட்டத்தை வளர்க்கும். சில நொடிகளில் வீட்டுவண்டி காரையும் இழுத்துக்கொண்டு குறுக்கே திரும்பிவிடும். அத்தகைய வேளையில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்ய முயலலாகாது. காரின் பிரேக்கையும் திடீரென மிதிக்கலாகாது. முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வீட்டுவண்டிக்கெனத் தனிப் பிரேக் இருந்தால் அதனை மட்டும் மெல்ல இயக்க வேண்டும். பின்னே பிடித்து இழுத்தால் கயிறு நேராவது போல வண்டி நேராகும்.

முன்பாரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. உடல் எடை பார்க்கும் சாதாரண எடைக்கருவியும், மூன்று அடிக்குச் சற்று மிகுந்த ஓர் உறுதியான பலகையும் போதும். ஒரு முனையில் செங்கல்லையும், அதிலிருந்து சரியாக மூன்றடி தள்ளி எடைக்கருவியையும் வைத்து, சமமட்டமாகப் பலகையை இரண்டின்மீதும் கிடத்துங்கள். வண்டியின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, செங்கல்லிலிருந்து ஓரடி தூரத்தில் வண்டியின் மூக்கை மெல்ல இறக்குங்கள். நெம்புகோல் விதிப்படி, எடையில் மூன்றில் ஒரு பங்கே கருவியில் விழும். கருவி 60 கிலோ காட்டினால் முன்பாரம் 180 கிலோ. வண்டியின் மொத்த எடை 1,500 கிலோ என்றால், முன்பாரம் 150 முதல் 225 வரை இருக்கலாம். 180 நல்ல அளவு. மொத்த எடையை ஊருக்கு ஊர் உள்ள லாரி எடைமேடையில் அறியலாம்.

இந்த 180 கிலோ காருக்கு என்ன செய்கிறது என்பதையும் கணக்கிடுவோம். காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத் தூரம் 2.7 மீட்டர், பின் அச்சிலிருந்து உருண்டை 1.2 மீட்டர் பின்னால் உள்ளது எனக் கொள்வோம். 180ஐ 1.2ஆல் பெருக்கி 2.7ஆல் வகுத்தால் 80 வரும். அஃதாவது, காரின் முன்சக்கரங்களின் மேலுள்ள எடையில் 80 கிலோ குறைந்துவிடும். பின்சக்கரங்களின்மேல் 260 கிலோ கூடிவிடும். வண்டியைத் திருப்புவன முன்சக்கரங்கள். பிரேக்கின் பெரும்பங்கைச் சுமப்பனவும் அவையே. அவை இலேசானால் திருப்பம் தளரும். மூக்கு உயர்வதனால் முன்விளக்கின் ஒளி மேலே சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். இக்குறையை நீக்குவதற்கென்றே, உறுதியான வில்தண்டுகள் இரண்டைக் கொண்டு எடையின் ஒரு பகுதியை முன்சக்கரங்களுக்கும் வீட்டுவண்டியின் அச்சுக்கும் பகிர்ந்து அனுப்பும் கொக்கி அமைப்பு உண்டு. இழுக்கும் காரில் செய்யத்தக்க முதல் மேம்பாடுகளுள் ஒன்றாக அதனைச் சொல்லலாம்.

இனி, நிறுத்தும் கலைக்கு வருவோம். ஒரு காரியத்துக்குத் தடையாக இருப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று குறை கூறுகிறோம். அச்சொல்லுக்கு இது பெருத்த அநீதி. தேரோடும் வீதியில் சக்கரத்துக்கு அருகே நடந்து, ஆப்பு வடிவான கட்டையைக் காலமறிந்து சக்கரத்தடியில் செருகித் தேரைத் திருப்புகிறவரும் நிறுத்துகிறவரும் முட்டுக்கட்டை போடுபவரே. வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருப்பர். கட்டை போடுவோர் சிலரே. அச்சிலர் கை தவறினால் ஆயிரம் பேரும் ஆபத்துக்குள்ளாவர். மயிலாப்பூரில் பங்குனித் தேர் ஓடும்போது நீங்களே இதனைக் காணலாம். திருவாரூரின் ஆழித்தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் ஒன்று. அதற்குத் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கையும் அமைத்துக் கொடுத்தது. பழமையான தேரைப் புதுப்பிக்கும்போது, அதை இழுக்கும் வலிமையோடு நிறுத்தும் வலிமையையும் சேர்த்துப் பொறியாளர்கள் எண்ணினார்கள்.

கணக்கொன்று போட்டால் இதன் காரணம் விளங்கும். காரும் வீட்டுவண்டியும் சேர்ந்து 3,000 கிலோ எனவும், வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் எனவும் கொள்வோம். அவற்றின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 4 லட்சத்து 17 ஆயிரம் ஜூல். ஒருமுறை நிறுத்தினால் இவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாறும். நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் 1.4 லிட்டரைக் கொதிக்க வைக்க அவ்வெப்பம் போதும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இது சமவெளியில். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போதோ, அவ்வண்டிகள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் கீழே வருகின்றன. அதனால் வெளிப்படும் ஆற்றல் 4 கோடி ஜூலுக்கு மேல். அஃதாவது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூறு முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் சாலையின் உராய்வும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை முழுவதும் பிரேக் ஏற்குமாறு விட்டால், அது பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். ஆகவேதான் மலையில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்திவர வேண்டும்.

அதே மலையில், 1899ஆம் ஆண்டு முதல் குன்னூருக்கு ஏறி இறங்கும் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். பெட்டிகளை மேலே தள்ளிச் செல்லும். இறங்கும்போது தாங்கி வரும். அதுவும் போதாதென்று, பெட்டிக்கு ஒரு பிரேக்காளர் நின்று, எஞ்சினின் ஊதல் ஒலி கேட்டுத் தத்தம் பெட்டியின் பிரேக்கை இயக்குகிறார். இழுபடும் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தனிப் பிரேக் வேண்டும் என்னும் பாடத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று காட்ட முடியாது.

வீட்டுவண்டிக்குரிய தனிப் பிரேக் இரு வகை. முதல் வகையில், கார் வேகம் குறைந்ததும் பின்வண்டி முன்னே வந்து முட்டும்; அந்த முட்டும் விசையே அதன் பிரேக்கை அழுத்தும். இரண்டாவது வகையில், ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் காரிலுள்ள ஒரு கட்டுப்பாட்டுக் கருவி பின்வண்டிக்கு மின்னோட்டத்தை அனுப்பும்; அங்குச் சக்கரங்களிலுள்ள மின்காந்தங்கள் பிரேக்கை இயக்கும். ஆட்டம் எழுந்தபோது பின்வண்டியின் பிரேக்கை மட்டும் தனியே இயக்கலாம் என்பது இதன் சிறப்பு. இவ்விரண்டுக்கும் மேலாக, கொக்கியே கழன்றுவிட்டால் என் செய்வது? அதற்காக இரு சங்கிலிகள் மூக்கின் அடியில் குறுக்கு மறுக்காகக் கட்டப்படும். மூக்கு கீழே விழுந்தால் அவை தொட்டில் போல் ஏந்திக்கொள்ளும். மெல்லிய கம்பி ஒன்றும் காரில் கட்டப்பட்டிருக்கும். வண்டிகள் பிரிந்தால் அக்கம்பி ஓர் ஆணியைப் பிடுங்க, பின்வண்டியின் மின்கலத்தைக் கொண்டே அதன் பிரேக் பற்றிக்கொள்ளும். அந்த மின்கலம் உயிரோடு இருக்கிறதா என்று மாதந்தோறும் சோதிப்பது பராமரிப்பில் முதற்கடமை.

நான் கிராமப்புறப் பள்ளியொன்றில் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில், விளையாட்டுப் போட்டிக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல ஊரார் அன்புடன் ஒரு டிராக்டரையும் டிரெய்லரையும் அனுப்பி வைத்தனர். நான் நன்றி சொல்லித் திருப்பியனுப்பிவிட்டு, மாணவர்களை இரண்டு நடையாகப் பஸ்ஸில் அனுப்பினேன். "மூன்று டன் நெல்லைச் சுமக்கும் வண்டி எங்களைச் சுமக்காதா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "சுமக்கும், தம்பி. ஆனால் நெல்மூட்டை சரிந்து விழுந்தால் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம்" என்றேன். அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அந்த டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லை, பின்விளக்கும் இல்லை. சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்கும் புறம்பானது. வீட்டுவண்டியில் படுக்கையும் மெத்தையும் இருந்தாலும், அது நகரும்போது உள்ளே ஒருவரும் இருக்கலாகாது என்பதற்கும் காரணம் இதுவே. அங்கு இருக்கைக் கச்சை இல்லை. ஓட்டுநரைக் கூப்பிட்டால் கேட்காது.

அடுத்துச் சக்கரங்கள். மாட்டுவண்டிக்கு வண்டிமை எவ்வாறோ, வீட்டுவண்டியின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் அவ்வாறு. ஆண்டுக்கொரு முறையேனும் அவற்றைக் கழற்றித் துடைத்து, பழுது பார்த்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். பயணத்தில் நிற்கும் இடந்தோறும் சக்கரத்தின் குடத்தருகே புறங்கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகுதியாகச் சுட்டால், அதன் பேரிங்கோ பிரேக்கோ இறுகிவிட்டது என்று பொருள். டயரைப் பொறுத்தவரை ஒரு வியப்பு உண்டு. காரின் டயர் ஓடித் தேய்கிறது. வீட்டுவண்டியின் டயரோ நின்றே கெடுகிறது. மாதக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் நின்று, ரப்பர் வெடித்து, மேலே பட்டன்கள் தேயாமலே உள்ளே வலுவிழந்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் வயதை அந்த எண்ணைக் கண்டு அறிய வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், மரைகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்.

பின்விளக்குகள் எரியாமைக்கு மிகப் பெரும்பாலும் பல்பு காரணமன்று. மின்சாரம் திரும்பிச் செல்லும் தரைக்கம்பியின் இணைப்பில் ஏறிய துருவே காரணம். கடலுக்கு அண்மையிலுள்ள நம் பகுதியின் உப்புக்காற்றில் துரு விரைந்து ஏறும். இணைப்பு முனைகளை உரசித் துலக்கி, சிறிது கிரீஸ் பூசி வைப்பது ஐந்து நிமிட வேலை. விளக்கில்லாத டிரெய்லர் இரவில் சாலையில் நின்றால், பின்னால் வருகிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியாத சுவர். கரும்புக் காலத்தில் நம் சாலைகளில் இதனால் வரும் விபத்துகளை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். ஒளி திருப்பும் சிவப்புப் பட்டையின் விலையும் அந்த ஐந்து நிமிட உழைப்பும் ஓர் உயிரைக் காக்கும்.

வீட்டுவண்டி ஒரு வீடும் ஆகையால், வீட்டுக்குரிய பராமரிப்பும் அதற்கு உண்டு. நமக்கு மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை. ஆதலின் புரட்டாசியிலேயே கூரையின் மூட்டுகளையும் சன்னல் ஓரங்களையும் தடவிப் பார்த்து, வெடித்த பூச்சைச் சுரண்டிப் புதுப்பூச்சு இடவேண்டும். ஒரு சிறு பிளவு வழியாகச் சொட்டும் நீர், வெளியே தெரியாமல் சுவரின் உட்சட்டத்தையும் தரைப்பலகையையும் அழுகச் செய்துவிடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையிலே தேங்கும். ஆகவே வாயு வெளியேறும் துளை தரைமட்டத்தில் இருக்க வேண்டும்; அதனைப் பூச்சி வருகிறதென்று அடைத்துவிடலாகாது. கசிவு பார்க்கச் சோப்புநீர் தடவுங்கள். நெருப்புக்குச்சியை அருகே கொண்டுசெல்லாதீர்கள்.

இதுவரை பேணுதல் பற்றிச் சொன்னேன். இனி மேம்படுத்துதல். வீட்டுவண்டி வாங்கியவருக்கு அதில் எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அச்சின் தாங்கும் அளவைப் பற்றி மயிற்பீலியை உவமையாக வைத்து வள்ளுவர் சொன்னதை நீங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். வண்டிக்காரருக்கு அது பாடமன்று, அன்றாடக் கணக்கு. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நூறு லிட்டர்த் தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ கூடிவிட்டது. எடை கூடுவதோடு, அது எங்கே கூடுகிறது என்பதும் முக்கியம். நாம் முன்னே எடுத்துக்கொண்ட 1,500 கிலோ வண்டியின் வாலில், சைக்கிள்களை மாட்டுவதற்கு ஒரு சட்டம் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். சட்டமும் சைக்கிள்களும் 50 கிலோ, அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னே உள்ளன. அச்சிலிருந்து உருண்டை 4 மீட்டர் முன்னே. 50ஐ 2.5ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 31. முன்பாரம் 180லிருந்து 149 ஆகிவிட்டது. மொத்த எடையோ 1,550. அதில் பத்தில் ஒரு பங்கு 155. இரண்டு சைக்கிள்கள் அவ்வண்டியை அபாய எல்லைக்குள் கொண்டுபோய்விட்டன!

சில மேம்பாடுகள் எடையைக் குறைப்பனவாகவும் உள்ளன. 100 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈய-அமில மின்கலம் 28 கிலோ அளவில் இருக்கும். அதன் ஆயுள் குறையாமல் பாதி மின்சாரத்தையே எடுக்க இயலும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 12 கிலோ அளவே. அதில் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாமல் எடுக்கலாம். அதற்கேற்ற மின்னேற்றியும் மாற்ற வேண்டும். ஆனால் மின்கலம் வண்டியின் மூக்கில் இருந்ததாயின், அங்கு எடை குறைந்ததும் முன்பாரமும் குறையும் என்பதை மறவாதீர்கள். நன்மைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

கூரையில் 100 வாட் சூரியத் தகடு ஒன்று வைத்தால், நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்கு 400 வாட்-மணி அளவில் எதிர்பார்க்கலாம். 25 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓட 200. 5 வாட் விளக்குகள் நான்கு, நான்கு மணி நேரம் எரிய 80. ஆக 280 வாட்-மணி, போதுமானது. குளிர்சாதனம் வேண்டுமென்றாலோ, 1,000 வாட் வாங்கும் ஒன்று இடைவிடாமல் எட்டு மணி நேரம் ஓட 8,000 வாட்-மணி தேவை. அதற்கு அத்தகைய தகடுகள் இருபது வேண்டும், கூரையில் இடமில்லை. கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைச் செய்துவிடுவது நல்லது.

இழுக்கும் காரில் என்ன செய்யலாம்? முதலில், எவ்வளவு எடை இழுக்கலாம் என்று செய்தவர் கையேட்டில் குறித்த எல்லையைப் பாருங்கள். அதற்கு மேற்பட்ட வீட்டுவண்டியை அக்காருக்குப் பூட்டுவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து, மலையிறக்கத்தில் மிதிகட்டை வெறுமையாக உள்ளே போகும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். குளிர்நீரும் கியர்ப்பெட்டி எண்ணெயும் சாதாரணக் காரினும் அடிக்கடி கவனிக்கப்பட வேண்டும். பின்வண்டி காரைவிட அகலமாயின், பக்கக் கண்ணாடிகளை நீட்ட வேண்டும். எஞ்சினின் வலிமையைக் கூட்டும் எண்ணம் வரிசையில் கடைசியாக நிற்கட்டும். பதிவுச் சான்றில் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

வீட்டுவண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பராமரிப்பு: கிரீஸ் அடைத்த நாள், டயரின் பிறந்த வாரம், பிரேக் பார்த்த நாள். மறுபக்கத்தில் மேம்பாடு: சேர்த்த பொருள், அதன் எடை, அச்சுக்கு முன்னா பின்னா, எத்தனை மீட்டர். புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, கிண்ணம் உருண்டையில் பூட்டியிருக்கிறதா என்று மூக்கைச் சிறிது தூக்கிப் பார்த்து, சங்கிலி, கம்பி, விளக்கு, மரை என்று வாய்விட்டுச் சொல்லிச் சோதிக்க வேண்டும். பழைய வண்டிக்காரர் கடையாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டே மாட்டை ஓட்டினார்.

உங்கள் ஊரில் டிராக்டர் டிரெய்லர் ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த விடுமுறையில், உடையவரின் அனுமதி பெற்று, அதன் பின்விளக்கு எரிகிறதா, பிரேக் உண்டா, பாரம் அச்சுக்கு முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். விளக்கில்லையாயின், உடையவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லி, ஒளிப்பட்டையேனும் ஒட்டுவதற்கு உதவுங்கள். அன்றிரவு அச்சாலையில் வருகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது; உங்களால் அவர் வீடு போய்ச் சேர்ந்தார் என்பது அவருக்கும் தெரியாது. இருப்பினும் அது செய்யத்தக்க வேலை.